மோட்டார் எஞ்சினில் எண்ணெய் அழுத்தக் குறைவு: காரணங்களும் பரிகாரங்களும்

திருவண்ணாமலையில் கார்த்திகை மாதத்தில் மலையுச்சியில் ஏற்றப்படும் மகாதீபம், கொப்பரையில் வார்க்கப்படும் நெய்யால் எரிகிறது. நெய் குறைந்தால் சுடர் சிறுக்கும். அதை ஊரார் யாவரும் கீழிருந்தே கண்டுகொள்வர். மோட்டார் எஞ்சினின் சங்கதி அவ்வாறன்று. அதன் உள்ளே எண்ணெய் ஓட்டம் தடைப்பட்டால் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. வண்டி வழக்கம்போலவே ஓடும். சில நிமிஷங்களுக்குப் பின் பெருஞ்சத்தத்துடன் நின்றுவிடும். அப்பொழுது பார்த்தால் கிராங்க் ஷாப்டு நீலம் பாரித்தும், பேரிங்குகள் உருகியும், சில வேளைகளில் கன்ராடு முறிந்து எஞ்சினின் உடலையே துளைத்தும் கிடக்கும். அதற்கு முன்னறிவிப்பாக உள்ளது எண்ணெய் அழுத்தங் காட்டும் முள் ஒன்றே. அம்முள் இல்லாத வண்டிகளில் சிவப்பு விளக்கு ஒன்றே.

இவ்வட்டாரத்து நிலச்சுவான்தார்களில் சிலர் தம் தகப்பனார் காலத்து அம்பாஸிடர் வண்டியை இன்னும் வைத்திருக்கின்றனர். இங்கிலாந்து தேசத்து மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவி, வங்காளத்தில் உத்தர்பாரா என்னும் ஊரில் 1957 முதல் 2014 வரை செய்யப்பட்ட வண்டி அது. அதன் பழைய பெட்ரோல் எஞ்சின் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவும், நான்கு சிலிண்டர்களும், மூன்று மெயின் பேரிங்குகளும் உடையது. இக்கட்டுரையில் அந்த எஞ்சினையே முதன்மையாக எடுத்துக்கொண்டாலும், கூறப்படும் விதிகள் டிராக்டருக்கும் பெரும்பாலும் பொருந்தும். மோட்டார் வண்டியும் டிராக்டரும் உறவினர் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1940-களின் பிற்பகுதியில் உலகெங்கும் பெயர் பெற்ற சிறிய பெர்குஸன் டிராக்டருக்கும், 1950-களில் சென்னையை அடுத்த வண்டலூரில் ஒன்றுசேர்க்கப்பட்ட ஸ்டாண்டர்டு வான்கார்டு காருக்கும் ஏறக்குறைய ஒரே வகை எஞ்சினே பொருத்தப்பட்டது.

அழுத்தம் குறைந்தவுடன், "எஞ்சினை முழுதும் இறக்கிக் கட்டவேண்டும்" என்று பட்டறையில் சொல்லக் கேட்டு, வேர்க்கடலை விற்ற பணம் முழுவதையும் செலவிட்ட குடியானவர்கள் உண்டு. முள் காட்டியதைப் பொருட்படுத்தாது ஓட்டி, செப்பனிட்டால் தீரக்கூடிய எஞ்சினைப் பழைய இரும்பாக்கியவர்களும் உண்டு. இவ்விரு நஷ்டங்களையும் தவிர்க்கும் வழி, காரணத்தை ஒழுங்கான முறையில் ஒவ்வொன்றாய்த் தேடிக் காண்பதே.

எண்ணெய் செய்யும் வேலை

கட்டை வண்டியின் அச்சுக்கு மை போடாமல் யாரும் சந்தைக்குப் புறப்படுவதில்லை. அச்சும் குடமும் நேருக்கு நேர் உராயாதபடி இடையில் நிற்பது அந்த மை. எஞ்சினில் கிராங்க் ஷாப்டு நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுழல்வதால் தடவிய மை நில்லாது. எண்ணெய் ஓயாமல் வந்துகொண்டே இருக்கவேண்டும்.

ஷாப்டுக்கும் பேரிங்குக்கும் இடையில் உள்ள சந்து புதிய எஞ்சினில் சுமார் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்கு, அதாவது 0.05 மில்லிமீட்டர். இந்தச் சந்தில் எண்ணெய் எவ்வாறு பாரத்தைத் தாங்குகிறது என்பதை 1883-ல் பீச்சம் டவர் என்னும் ஆங்கிலப் பொறியாளர் தற்செயலாகக் கண்டார். அவர் ஒரு பேரிங்கின் மேற்புறத்தில் எண்ணெய் விடுவதற்காகத் துளையிட்டு, பின்பு அதை மரக்கட்டையால் அடைத்து வைத்தார். ஷாப்டு சுழலத் தொடங்கியதும், உள்ளிருந்த எண்ணெய் அந்த அடைப்பை வெளியே தள்ளிவிட்டது. சுழலும் ஷாப்டானது எண்ணெயைத் தன்னுடன் இழுத்துச் சென்று, குறுகிய இடத்தில் நெருக்கி, பெரிய அழுத்தத்தைத் தானே உண்டாக்குகிறது என்பது அதனால் விளங்கிற்று. 1886-ல் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் என்பவர் இதற்குக் கணித விளக்கம் அளித்தார்.

ஆகையால் முள் காட்டும் அழுத்தமே பாரத்தைத் தாங்குகிறது என்று எண்ணுதல் தவறு. பாரத்தைத் தாங்குவது சுழற்சியால் பிறக்கும் எண்ணெய்ப் படலம். அப்படலத்துக்கு வேண்டிய எண்ணெயைத் தடையின்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பம்பின் அழுத்தத்துக்குரிய வேலை. எண்ணெய் வந்து சேராவிடின் படலம் இல்லை; படலம் இல்லாவிடின் உலோகத்தோடு உலோகம் உராய்ந்து பேரிங்கு உருகும்.

ஏரியும் கலிங்கும்

எஞ்சினின் எண்ணெய் ஓட்டத்தை ஏரிப் பாசனத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் யாவும் எளிதில் விளங்கும். அடியில் உள்ள சம்ப் என்னும் தொட்டியிலிருந்து, கம்பிவலை வடிகட்டி வழியாக, பம்பானது எண்ணெயை இழுக்கிறது. கேம் ஷாப்டு அந்தப் பம்பைச் சுழற்றுகிறது. எண்ணெய் அங்கிருந்து பில்டரைக் கடந்து, எஞ்சினின் நீளவாக்கில் துளைக்கப்பட்டுள்ள பெருங்கால்வாயை அடைகிறது. அதிலிருந்து கிளைக் கால்வாய்கள் மெயின் பேரிங்குகளுக்கும், அவற்றிலிருந்து கிராங்க் ஷாப்டின் உட்துளைகள் வழியாகக் கன்ராடு பேரிங்குகளுக்கும் செல்கின்றன. கேம் ஷாப்டின் பேரிங்குகளுக்கும், மேலே உள்ள ராக்கர் ஷாப்டுக்கும் தனிக் கிளைகள் உண்டு. ராக்கர் ஷாப்டே இப்பாசனத்தின் கடைமடை.

ஏரி நிரம்பியபின் மிகுதி நீர் வழிந்தோடக் கலிங்கு இருப்பதுபோல, இங்கே ரிலீப் வால்வு இருக்கிறது. அது ஒரு சுருள்வில்லும், அதனால் அழுத்தப்பட்ட ஒரு சிறு குமிழுமே. அழுத்தம் குறித்த அளவை மீறினால் குமிழ் பின்வாங்கி, மிகுதி எண்ணெயை மீண்டும் சம்பினுள் விடும்.

இங்கு முக்கியமாக அறியவேண்டியது ஒன்று. பம்பு அனுப்புவது எண்ணெயின் அளவையே; அழுத்தம் உண்டாவது அவ்வெண்ணெய் வெளியேற முடியாமல் தடுக்கப்படுவதால். ஆகவே அழுத்தம் குறைந்தால் காரணம் மூன்றில் ஒன்றாகவே இருக்கவேண்டும். வரத்து குறைந்திருக்கலாம், கலிங்கு உடைந்திருக்கலாம், அல்லது வயல்களில் கசிவு மிகுந்திருக்கலாம். பரீக்ஷை முழுவதும் இம்மூன்றில் எது என்று பிரித்தறிவதே.

எவ்வளவு அழுத்தம் இருத்தல் வேண்டும்?

மேற்சொன்ன அம்பாஸிடர் பெட்ரோல் எஞ்சின் நன்றாய்ச் சூடேறிய பின், சாதாரண வேகத்தில் ஓடும்போது, சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 50 ராத்தலும், நின்ற நிலையில் மெதுவாய்ச் சுழலும்போது ஏறத்தாழ 15 ராத்தலும் காட்டவேண்டும். பிற எஞ்சின்களுக்கு அவற்றின் கைப்புத்தகத்தில் கண்டதே பிரமாணம். புத்தகம் கிடைக்காதபோது, நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுக்குப் பத்து ராத்தல் வீதம் இருக்கவேண்டும் என்னும் பட்டறை விதியைத் தோராயமாகக் கொள்ளலாம்.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கையில் முள் மேலே நிற்பது கண்டு மகிழ்தலும், சூடேறியபின் சிறிது இறங்குவது கண்டு அஞ்சுதலும் வேண்டா. எண்ணெயின் கொழுமை உஷ்ணத்தால் மிகவும் இளகும். 40 என்னும் எண்ணுடைய எஞ்சின் எண்ணெய், 40 டிகிரி உஷ்ணத்தில் உள்ளதைவிட 100 டிகிரியில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொழுமையே உடையதாகிறது. பௌர்ணமி நாட்களில் நகருக்குள் வரும் சாலைகளில் ஜனக்கூட்டத்தின் நடுவே வண்டி ஊர்ந்து செல்லும்போது எஞ்சின் அதிகம் சூடேறி, மெதுவாகவும் சுழல்வதால், முள் தாழ்வது இயல்பு. ஆயினும் சாலை திறந்து வேகம் எடுத்தவுடன் அது பழைய நிலைக்கு ஏறவேண்டும். ஏறாவிடின் பரீக்ஷிக்க வேண்டும்.

சிவப்பு விளக்கு மட்டுமே உள்ள வண்டிகளை உடையோர் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். அவ்விளக்கு அழுத்தம் ஒருசில ராத்தலுக்குத் தாழ்ந்த பின்னரே எரியும். அது அபாயம் வரப்போவதை அறிவிப்பதன்று, வந்துவிட்டதை அறிவிப்பது. விளக்கு எரிந்தவுடன் எஞ்சினை நிறுத்திவிடவேண்டும். செங்கம் சாலையில் வரும்போது விளக்கு எரிந்தால், "ஊர் மூன்று மைல்தானே" என்று ஓட்டி வருவது பெருந்தவறு. அந்த மூன்று மைலில் கெடுவது முழு எஞ்சினாக இருக்கலாம். வண்டியைக் கட்டி இழுத்து வருவதற்கு ஆகும் கூலி அதன்முன் ஒரு பொருட்டன்று.

பரீக்ஷை முறை

செலவில்லாத பரீக்ஷையை முதலிலும், செலவு மிகுந்ததைக் கடைசியிலும் செய்தல் இதில் பொன்னான விதி.

முதலாவது, எண்ணெயின் அளவு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எண்ணெய் கீழிறங்கச் சில நிமிஷங்கள் விட்டு, அளவுக் குச்சியைத் துடைத்துச் சொருகிப் பார்க்கவேண்டும். கீழ்க்கோட்டுக்குக் குறைந்திருந்தால் பம்பு எண்ணெயோடு காற்றையும் இழுக்கும். வளைவிலும் மேட்டிலும் மட்டும் முள் ஆடுவது பெரும்பாலும் இதனாலேயே. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலைப்பாதையில் ஏறுகையில் முள் விழுந்து, சமவெளியில் சரியாயிருந்தால், முதலில் குச்சியையே பார்க்கவேண்டும்.

இரண்டாவது, எண்ணெயின் குணம். அளவு குறையாமல் ஏறியிருந்தால் அது நன்மையன்று. உள்ளே வேறொன்று கலந்திருக்கிறது. குச்சியிலுள்ள எண்ணெயை விரலில் எடுத்து முகர்ந்து பார்க்கவேண்டும். பெட்ரோல் அல்லது டீசல் வாடை வீசினால், எரிபொருள் பம்பின் தோல்தகடு கிழிந்தோ வேறு வழியிலோ எரிபொருள் சம்பினுள் இறங்குகிறது. இளகிய எண்ணெயால் அழுத்தம் விழுவதோடு, பெட்ரோல் ஆவியால் தீ விபத்தும் நேரலாம். எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. தலைக் காஸ்கெட்டு முதலியவற்றைப் பார்க்கவேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டைச் சூடான தகட்டில் விட்டால், தண்ணீர் இருப்பின் படபடவென்று வெடிக்கும். இத்தகைய எண்ணெயை வடித்து, மூல காரணத்தை நீக்கி, புதிய எண்ணெய் விட்ட பிறகே அழுத்தத்தை மறுபடி பார்க்கவேண்டும்.

மூன்றாவது, எண்ணெயின் வகை. கோடை மிகுந்த இவ்வட்டாரத்தில் பழைய பெட்ரோல் எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 போன்ற, குளிரிலும் சூட்டிலும் ஏற்ற கலப்பு வகை தக்கது. டீசல் எஞ்சினுக்கும் டிராக்டருக்கும் அவற்றின் புத்தகத்திற் கண்டதையே விடவேண்டும். செக்கெண்ணெய் கையில் இருக்கிறதென்று அதைக் கலத்தல் ஆகாது. முதல் உலக யுத்த காலத்து ஆகாய விமானங்களில் ஆமணக்கெண்ணெய் உபயோகிக்கப்பட்டது உண்மையே. ஆனால் அந்த எஞ்சின்களில் எண்ணெய் திரும்பிச் சுழலாமல் எரிந்து வெளியே போய்விட்டது. தாவர எண்ணெய்கள் சூட்டில் பிசின்போல் இறுகித் துளைகளை அடைக்கும்.

நான்காவது, முள்ளின் நேர்மை. சாக்ஷி பொய் சொன்னால் தீர்ப்பும் பொய்யாகும். முள் காட்டும் கருவியே பழுதாகி, எஞ்சின் பழுதற்றிருப்பது மிகச் சாதாரணம். கருவிக்குப் போகும் சிறு குழாய் நசுங்கியோ அடைபட்டோ இருக்கலாம். மின்சார வகையாயின் எஞ்சினில் திருகியுள்ள சிறு ஸ்விட்சோ கம்பியோ கெட்டிருக்கலாம். பட்டறையில் உள்ள நல்ல அழுத்தமானி ஒன்றை அவ்விடத்தில் நேராகத் திருகி, குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும், மெதுவாகவும் விரைவாகவும் சுழலவிட்டு நான்கு அளவுகளையும் காகிதத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். இந்நான்கு எண்களும் இல்லாமல் எஞ்சினைப் பிரிக்கத் தொடங்கும் மெக்கானிக், நாடி பாராமல் மருந்து கொடுக்கும் வைத்தியருக்கு ஒப்பாவார். மெதுவாய்ச் சுழலும் வேகம் குறித்த அளவுக்குத் தாழ வைக்கப்பட்டிருந்தாலும் அழுத்தம் குறைவாய்க் காட்டும். அதையும் சரிசெய்த பின்பே அளக்கவேண்டும்.

எண்களைப் படிக்கும் விதம்

குளிரிலும் சூட்டிலும், மெதுவிலும் விரைவிலும் அழுத்தம் ஒரேயடியாய்க் குறைந்திருந்தால், குற்றம் வரத்திலோ கலிங்கிலோ என்று கொள்ளலாம்.

குளிரில் நன்றாயிருந்து, சூடேறிய பின் மெதுச் சுழற்சியில் மட்டும் மிகவும் தாழ்ந்தால், பேரிங்குகள் தேய்ந்து கசிவு மிகுந்திருக்கிறது. அல்லது எண்ணெய் இளகியிருக்கிறது.

மெதுவில் ஓரளவு நன்றாயிருந்தும், வேகத்தைக் கூட்டினால் குறித்த அளவுக்கு ஏறாமல் நடுவிலேயே நின்றுவிட்டால், ரிலீப் வால்வின் வில் தளர்ந்திருக்கக்கூடும்.

வேகத்தைக் கூட்டக் கூட்ட அழுத்தம் ஏறாமல் இறங்கினால், சம்பினுள் உள்ள வலை வடிகட்டி அடைபட்டுப் பம்பு பசியோடு சுழல்கிறது என்பதே பெரும்பாலும் காரணம்.

நேற்று வரை நன்றாயிருந்து இன்று திடீரென விழுந்தால், அது தேய்மானமன்று. தேய்மானம் ஒருநாளில் வாராது. வால்வின் வாயில் மண் துகள் சிக்கியதோ, பில்டரின் ரப்பர் வளையம் நழுவியதோ, குழாய் முறிந்ததோ, பம்பை இயக்கும் பாகம் ஒடிந்ததோ எனத் தேடவேண்டும்.

பரிகாரங்கள்

ரிலீப் வால்வு: அம்பாஸிடர் எஞ்சினில் இது எஞ்சினின் இடப்பக்கத்தில், பின்புறமாக, குமிழ்த்தலை கொண்ட ஒரு பெரிய நட்டினால் மூடப்பட்டிருக்கும். எஞ்சினை இறக்காமலே அந்நட்டைக் கழற்றி, வில்லையும் குமிழையும் வெளியே எடுக்கலாம். குமிழின் முகத்திலும் அது உட்காரும் இடத்திலும் கீறலோ துகளோ இருந்தால் சுத்தம் செய்யவேண்டும். வில்லைப் புதிய வில்லோடு பக்கத்தில் நிறுத்திப் பார்த்து, குட்டையாயிருந்தால் மாற்றவேண்டும். சிறு செலவில் தீரும் இக்குற்றத்தைப் பாராமல் கிராங்க் ஷாப்டைக் கழற்றுவது, கலிங்கு உடைந்ததைக் காணாமல் ஏரிக்கரை முழுவதையும் வெட்டிக் கட்டுவது போலாகும். வில்லின் பின்னே வாஷர்களைத் திணித்து முள்ளை ஏற்றிக் காட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. தேய்ந்த பேரிங்குக்கு இதனால் யாதொரு பயனும் இல்லை. குளிர்ந்த எஞ்சினில் அழுத்தம் அளவுக்கு மீறிப் பில்டரின் வளையத்தைப் பிதுக்கிவிடும்.

பில்டர்: உள்ளே இருக்கும் பொருள் அடைபட்டால், அதற்கென்றுள்ள மாற்றுவழி திறந்து, அழுக்கெண்ணெய் வடியாமலே பேரிங்குகளுக்குப் போகும். ஆகையால் எண்ணெய் மாற்றுந்தோறும் பில்டரையும் மாற்றவேண்டும். பழைய வளையத்தை எடுக்காமல் அதன்மேல் புதியதை வைத்தால் எண்ணெய் பீறிட்டு, சில நிமிஷங்களில் சம்ப் வறண்டுவிடும். மாற்றியவுடன் எஞ்சினை ஓட்டி, கசிவு இல்லையெனக் கண்ட பிறகே வண்டியைச் சாலைக்கு எடுக்கவேண்டும். பழைய பில்டரை எறிந்துவிடாமல் வெட்டிப் பார்ப்பது மிகவும் பயனுள்ளது. காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு. ஒட்டாத வெள்ளித் துகள் பேரிங்கின் வெண்ணுலோகமாகவோ பிஸ்டனின் அலுமினியமாகவோ இருக்கலாம். செம்பு நிறம் தெரிந்தால் பேரிங்கின் மேற்பூச்சு தேய்ந்து அடித்தளம் வெளிப்பட்டிருக்கலாம். இவ்விடத்தில் எஞ்சினைப் பிரிப்பதே தக்கது.

சம்பும் பம்பும்: சம்பைக் கழற்றினால் வலை வடிகட்டியில் பிசினும், காஸ்கெட்டுத் துண்டுகளும், பசைத் திவலைகளும் அடைத்திருப்பதைக் காணலாம். உறிஞ்சு குழாயின் இணைப்பில் காஸ்கெட்டு கெட்டிருந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். பம்பைப் பிரித்து, உட்சுழலிக்கும் மூடிக்கும் இடையே உள்ள சந்தை அளந்து, கைப்புத்தகத்தின் எல்லையோடு ஒப்பிடவேண்டும். பம்பு எண்ணெயிலேயே மூழ்கி வேலை செய்வதால் அது தேய்வது பேரிங்கைக் காட்டிலும் அரிது. பம்பை மட்டும் மாற்றிவிட்டுப் பேரிங்கைப் பாராமல் மூடுவது பாதி வைத்தியமே.

பேரிங்குகள்: தேய்மானத்தின் கணக்கு குடியானவர்கள் கவனிக்கத்தக்கது. சந்து இரட்டித்தால் கசிவும் இரட்டிக்கும் என்று தோன்றும். உண்மையில் கசிவு சந்தின் முப்பெருக்காக வளரும். ஆயிரத்தில் இரண்டாக இருந்த சந்து மூன்றானால் கசிவு மூன்று மடங்குக்கு மேலாகும்; நான்கானால் எட்டு மடங்காகும். ஆகவேதான் பல வருஷங்கள் அழுத்தம் சிறுகச் சிறுகக் குறைந்து வந்து, கடைசி ஓரிரு வருஷங்களில் விரைந்து விழுகிறது. தலைமடையில் கசிவு மிகுந்தால் கடைமடை வறள்வதுபோல, மெயின் பேரிங்குகள் தேய்ந்தால் அவற்றைக் கடந்து எண்ணெய் பெறவேண்டிய கன்ராடு பேரிங்குகள் எண்ணெயின்றி வாடும்.

சத்தத்தாலும் இதனை அறியலாம். பாரத்தோடு மேட்டில் ஏறும்போது அடிவயிற்றிலிருந்து கனமாய் 'தொம் தொம்' என்று கேட்பது மெயின் பேரிங்கு. சற்று மெல்லியதாய், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் தருணத்தில் 'டக் டக்' என்று தெளிவாய்க் கேட்பது கன்ராடு பேரிங்கு. சத்தம் கேட்ட பின்பும் ஓட்டுவது, கரை உடைந்த பின் காவல் போடுவது போன்றதே.

பேரிங்கைத் திறந்தபின், ஷாப்டின் கழுத்துகளை மைக்ரோமீட்டரால் ஒவ்வொன்றும் இரு திசைகளில் அளக்கவேண்டும். உருண்டை குலையாமல், கீறல் இல்லாமல் இருந்தால், பழைய அளவிலேயே புதிய பேரிங்குகளை மட்டும் இட்டால் போதும். கோழிமுட்டை வடிவமாய்த் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் ஆயிரத்தில் பத்து, இருபது எனக் குறித்த அளவுக்குக் கடைந்து, அதற்கேற்ற தடித்த பேரிங்குகளை இடவேண்டும். சந்தை அளக்கப் பிளாஸ்டிக் நூல் விற்கிறது. அதை ஷாப்டின்மேல் வைத்துப் பேரிங்கை முறுக்கித் திறந்தால், நசுங்கிய அகலமே சந்தைக் காட்டும். எஞ்சினைக் கட்டுவதற்கு முன் மெக்கானிக் இவ்வளவுகளை எழுதிக்காட்டும்படி உடையவர் கேட்கவேண்டும். கேட்பது அவருடைய உரிமை. காட்டுவது நல்ல தொழிலாளிக்குக் கௌரவம்.

கட்டிய பிறகு முதல் ஓட்டம் மிக ஜாக்கிரதையாய் நடத்தப்படவேண்டும். வறண்ட பம்பு எண்ணெயை இழுக்காது. அதனுள் எண்ணெய் நிரப்பியே பொருத்தவேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முள் ஏறும் வரையில் ஸ்டார்ட்டரால் சிறிது சிறிதாய்ச் சுழற்றி, அதன் பின்னரே எஞ்சினை உயிர்ப்பிக்கவேண்டும். இதை மறந்தால் புதிய பேரிங்குகள் முதல் நிமிஷத்திலேயே கீறிவிடும். சுமார் 500 மைல் ஓடியவுடன் எண்ணெயையும் பில்டரையும் மாற்றிவிடுதல் நலம்.

கெட்டியான எண்ணெய் என்னும் மயக்கம்

அழுத்தம் குறைந்தவுடன் மிகக் கெட்டியான எண்ணெயையோ, புட்டியில் விற்கும் பசையையோ ஊற்றி முள்ளை ஏற்றிக்கொள்வோர் பலர். கொழுமை கூடினால் கசிவு குறைவதால் முள் ஏறுவது மெய்யே. ஆனால் குளிர்ந்த காலையில் அந்த எண்ணெய் மெல்லிய துளைகளைக் கடந்து கடைமடையை அடையத் தாமதமாகும். அத்தாமதத்தில் ராக்கர் ஷாப்டும் பேரிங்குகளும் எண்ணெயின்றித் தேயும். நோய் நீங்காது, நோய்க்குறி மறையும். இரண்டொரு மாதம் பொறுத்துச் செப்பனிட எண்ணுவோர் புத்தகத்தில் அனுமதித்த வகைகளுள் சற்றுக் கொழுமையானதை விட்டு, பாரத்தையும் வேகத்தையும் குறைத்து ஓட்டலாம். அதற்கு மேல் அதை நம்புதல் கூடாது.

டிராக்டர் வைத்திருப்போர்க்கு

இவ்வட்டாரத்துச் செம்மண் தூசியும், வேர்க்கடலை பிரிக்கும்போதும் நெல்லடிக்கும்போதும் எழும் புழுதியும் எஞ்சினுக்குப் பெரும் சத்துருக்கள். காற்று வடிகட்டியைக் கவனியாவிடில் அத்தூசி சிலிண்டரில் நுழைந்து, எண்ணெயில் கலந்து, பேரிங்குகளை அரம்போல் தேய்க்கும். எண்ணெய்க் குளியல் வகையான காற்று வடிகட்டியில் அடிக்கிண்ணத்து எண்ணெயைப் புழுதி வேலை நாட்களில் தினமும் பார்க்கவேண்டும். டிராக்டரில் மைல் கணக்கு உதவாது. மணிக்கணக்கைக் கொண்டே எண்ணெய் மாற்றவேண்டும். ஆடியில் உழவு தொடங்கும் முன்பாகவே அழுத்தத்தை அளந்து குறிப்பது நன்று. ஈரம் உள்ள நான்கு நாளில் டிராக்டர் பட்டறையில் நின்றால், தவறிய பருவத்தைப் பணம் கொடுத்தும் வாங்க முடியாது.

கிணற்றடியில் உள்ள பழைய, மெதுவாய்ச் சுழலும் ஆயில் எஞ்சின்களில் சில, அடித்தொட்டி எண்ணெயைத் தெறிக்கச் செய்தே பேரிங்குகளை நனைக்கின்றன. அவற்றில் முள் இராது. எண்ணெயின் அளவையும் சுத்தத்தையும் நாள்தோறும் பார்ப்பதே அவற்றுக்குரிய காவல்.

கவனத்தில் வைக்கவேண்டியவை

1. முள் விழுந்தாலும் சிவப்பு விளக்கு எரிந்தாலும் அக்கணமே எஞ்சினை நிறுத்துக.

2. எண்ணெயின் அளவு, குணம், வகை ஆகிய மூன்றையும் முதலில் பார்க்க.

3. வேறொரு நல்ல அழுத்தமானியால் சோதிக்காமல் எஞ்சினைப் பிரிக்க இடங்கொடாதீர்.

4. குளிர், சூடு, மெது, விரைவு ஆகிய நான்கு அளவுகளையும் எழுதி வைக்க. வருஷத்துக்கு இருமுறை இவ்வாறு குறித்த புத்தகம், வண்டியை விற்கும்போதும் வாங்கும்போதும் சிறந்த சாக்ஷியாகும்.

5. ரிலீப் வால்வையும் பில்டரையும் பார்த்த பிறகே சம்பைக் கழற்றுக. சம்பையும் பம்பையும் பார்த்த பிறகே கிராங்க் ஷாப்டுக்குப் போக.

6. பேரிங்கின் சத்தம் கேட்டபின் ஒரு பர்லாங்கும் ஓட்டாதீர்.

கிராமத்தில் ஒருவருடைய டிராக்டர் பழுதானால் அவருடைய நிலம் மட்டுமன்றி, அவரிடம் வாடகைக்கு உழுவிக்கும் சிறு குடியானவர்களின் நிலங்களும் காத்துக் கிடக்கும். ஆகையால் கிராம அதிகாரிகளும் முன்னின்று, உழவுப் பருவத்துக்கு முன் ஒரு நாளைக் குறித்து, ஊரில் உள்ள எஞ்சின்கள் யாவற்றின் அழுத்தத்தையும் ஒரே அழுத்தமானியால் அளந்து பதிவு செய்விப்பார்களாயின், பொதுவாக அனைவருக்கும் நன்மை உண்டாகும். ஏரிக்கு மழைக்கு முன் கலிங்கு பார்ப்பது நம் பெரியோர் வழக்கம். எஞ்சினுக்கும் அதுவே வழக்கமாதல் வேண்டும்.